யாருடைய வீதி, எந்த மாதத்துப் பணம்?

மட்டக்களப்பு வாவி சுமார் 56 கிலோமீற்றர் நீளத்துக்கு வடக்குத் தெற்காகக் கிடந்து மாவட்டத்தை எழுவான்கரை, படுவான்கரை என இரண்டாகப் பிரிக்கிறது. சூரியன் எழும் பக்கமான எழுவான்கரை கடலுக்கும் வாவிக்கும் இடையிலான ஒடுங்கிய மணல்நிலம், சூரியன் படும் பக்கமான படுவான்கரை வயலும் குளமும் மேய்ச்சல் தரையுமாக அகன்று கிடக்கும் நிலம். எழுவான்கரையிலுள்ள குருக்கள்மடத்தையும் வாவிக்கு அப்பாலுள்ள அம்பிளாந்துறையையும் இணைப்பது ஒரு படகுச் சேவை. மோட்டார் சைக்கிளையும் ஆட்களையும் ஒன்றாக ஏற்றிச் செல்லும் அந்த மிதவையை அங்குள்ளோர் ‘பாதை’ என்பர். மடம் வழிப்போக்கர் தங்குமிடம், துறை நீரில் இறங்கி ஏறுமிடம். இரண்டு ஊர்களுமே பயணத்தின் பெயரைச் சுமந்து நிற்கின்றன. ஆகவே வீதி, பாலம், பாதை பற்றிய பேச்சு இங்கு ஓய்வதில்லை, ஆனால் அப்பேச்சில் புழங்கும் நம்பிக்கைகளுள் சில பிழையானவை என்பதால் முறைப்பாடு உரியதல்லாத அலுவலகத்துக்கும் கோரிக்கை உரியதல்லாத மாதத்திலும் போய்ச் சேர்கின்றன.

“வீதி என்றால் அரசாங்கம் திருத்த வேண்டியதுதானே”

அரசாங்கம் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் மூன்று உரிமையாளர்கள் இருப்பதை இந்த நம்பிக்கை மறைத்துவிடுகிறது. குருக்கள்மடத்தின் ஊடாகச் செல்லும் பிரதான வீதி ஏ4 ஆகும். கொழும்பில் தொடங்கி இரத்தினபுரி, வெல்லவாய, பொத்துவில், கல்முனை வழியாக மட்டக்களப்பை அடையும் அது ஏறத்தாழ 430 கிலோமீற்றர் நீளமானது. நாட்டில் சுமார் 12,000 கிலோமீற்றர் வரும் ஏ, பி வகுப்பு வீதிகள் தேசிய நெடுஞ்சாலைகள் எனப்படும், அவற்றுக்குப் பொறுப்பு 1981 ஆம் ஆண்டின் 73 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான வீதி அபிவிருத்தி அதிகாரசபை. 1987 இன் 13 ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தேசிய நெடுஞ்சாலை அல்லாத வீதிகளையும், அவற்றின் மீதுள்ள பாலங்களையும், பாதைச் சேவைகளையும் கூட மாகாண சபை நிரலில் சேர்த்தது. சி, டி வகுப்பு வீதிகள் இவ்வாறு மாகாணத்தின் பொறுப்பாயின. எஞ்சிய உள்வீதிகளும் ஒழுங்கைகளும் உள்ளூராட்சி மன்றத்தைச் சேர்ந்தவை, இங்கு அது களுவாஞ்சிகுடியைத் தலைமையிடமாகக் கொண்ட மண்முனை தென் எருவில் பற்றுப் பிரதேச சபை.

பிரதான வீதியிலிருந்து வாவிக்கரை வரை நடந்து, பாதையேறி அக்கரையில் இறங்கும் ஒருவர் சிறிது தூரத்துக்குள் இந்த உரிமை எல்லைகளைக் கடக்கிறார், ஆனால் எந்த எல்லையிலும் பலகை இல்லை. வெள்ளநீருக்கும் அந்த எல்லை தெரியாது. சபை தன் உள்வீதிக்குக் கொங்கிறீட் இட்டு உயர்த்தினால் அவ்வீதியின் மழைநீர் நெடுஞ்சாலை ஓரத்து வடிகானில் போய் விழுகிறது. அந்த வடிகான் எவ்வளவு அகலமாக இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் அதிகாரமோ சபையிடம் இல்லை. இரண்டு அலுவலகங்களும் தத்தம் வேலையைச் சரியாகச் செய்து முடித்த பின்னும் நடுவிலுள்ள வளவுக்குள் நீர் நிற்பதன் காரணம் பெரும்பாலும் இதுவே.

“வாகனத்துக்கு வரி கட்டுகிறோம், அந்தக் காசு எங்கே போகிறது?”

கேள்வி நியாயமானது, அதன் உள்ளிருக்கும் நம்பிக்கைதான் பிழை. எரிபொருள் மீதான வரி மத்திய திறைசேரிக்குப் போகிறது. ஆண்டுதோறும் புதுப்பிக்கும் வாகன வருமான அனுமதிப்பத்திரத்தின் கட்டணம் மாகாணத்துக்குப் போகிறது. இரண்டுமே பொது வருமானத்தில் கலந்துவிடுவதால், எந்த வீதியில் ஓடிய வாகனத்தின் பணம் அந்த வீதிக்கே திரும்ப வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. மாகாணத்தின் சொந்த வருமானம் அதன் செலவுக்குப் போதாது என்பதால், அரசியலமைப்பின் கீழ் அமைந்த நிதி ஆணைக்குழுவின் விதப்புரைப்படி கொழும்பிலிருந்து வரும் நன்கொடைகளே வீதி வேலைகளின் பெரும்பகுதியைத் தாங்குகின்றன. பிரதேச சபையின் கையிலிருப்பது சோலை வரி, அனுமதிக் கட்டணங்கள், முத்திரைத் தீர்வை, நீதிமன்றத் தண்டப்பணம் போன்ற சிறு ஊற்றுகள். கடைகள் நெருங்கிய நகரத்தில் இவை பெருகும், தென்னந்தோட்டமும் வாவிக்கரையுமான ஊரில் பெருகுவதில்லை.

பாராளுமன்ற உறுப்பினர் நினைத்தால் முடியும் என்பதும் இதே வகைப் பேச்சு. உறுப்பினர் சிபாரிசு செய்யும் பன்முகப்படுத்தப்பட்ட நிதி ஒரு ஒழுங்கைக்குக் கிரவல் இடவோ ஒரு மதகு கட்டவோ உதவும். பாலத்துக்கு அது காணாது. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தபின் புதிய தேர்தல் நடத்தப்படாமல் மாகாண நிர்வாகம் ஆளுநரின் கீழேயே நீண்டது, உள்ளூராட்சி மன்றங்களும் 2023 மார்ச்சில் காலாவதியாகி 2025 மே மாதத் தேர்தல் வரை தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர் இன்றியே இருந்தன. மதகு உடைந்தால் வாக்காளர் யாருடைய கதவைத் தட்டுவது என்ற கேள்விக்கு அக்காலத்தில் விடையே இருக்கவில்லை.

“வெளிநாடு பாலம் கட்டித் தந்துவிட்டது, இனிக் கவலையில்லை”

கல்லடியில் பிரித்தானிய ஆளுநர் மனிங் காலத்தைச் சேர்ந்த, அவருடைய துணைவியின் பெயரைத் தாங்கிய பழைய இரும்புப் பாலத்தின் அருகே 2013 இல் புதிய பாலம் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு, குருக்கள்மடத்துக்கு வடக்கே, அதுவரை பாதை ஓடிய மண்முனைத் துறையில் ஜப்பானின் நன்கொடையால் கட்டப்பட்ட பாலம் திறக்கப்பட்டு எழுவான்கரையைக் கொக்கட்டிச்சோலைப் பக்கத்துடன் இணைத்தது. இப்பாலத்தின் பயனைக் குறைத்து மதிப்பிட முடியாது. ஆயினும் நன்கொடை என்பது கட்டி ஒப்படைப்பதற்கான பணம் மட்டுமே; ஒப்படைத்த மறுநாளிலிருந்து விரிவு இணைப்புகளைச் சுத்தம் செய்வது, கைப்பிடியின் துருவைச் சுரண்டிப் பூச்சிடுவது, அணுகு வீதியின் மண்ணணை சரியாமல் பார்ப்பது அனைத்தும் உள்நாட்டு வரவு செலவுத் திட்டத்தின் மேல் வந்து அமர்கின்றன. விரிவு இணைப்பு என்பது வெயிலில் நீண்டு குளிரில் சுருங்கும் பாலத்தின் பகுதிகளுக்கு இடையே விடப்படும் இடைவெளி. அதற்குள் மணல் இறுகினால் பாலம் தன் விளிம்பைத் தானே நொறுக்கிக்கொள்ளும். அதைத் தவிர்க்க ஒரு தும்புத்தடியும் அரைநாள் கூலியும் போதும், ஆனால் அந்தக் கூலிக்கு வரவு செலவுத் திட்டத்தில் ஒரு வரி இருந்தாக வேண்டும்.

கட்டுவதற்குப் பணம் கிடைப்பதும் பேணுவதற்குக் கிடைக்காததும் இலங்கைக்கு மட்டும் உரிய நோய் அல்ல. உரிய நேரத்தில் 1,200 கோடி டொலர் செலவிட்டிருந்தால் 4,500 கோடி டொலர் மறுகட்டுமானச் செலவை ஆப்பிரிக்கா தவிர்த்திருக்கலாம் என்று உலக வங்கியின் 1994 ஆம் ஆண்டு உலக அபிவிருத்தி அறிக்கை கணக்கிட்டது. திறப்பு விழாவுக்கு நாடா உண்டு, வடிகான் துப்புரவுக்கு நாடா இல்லை. வெளிநாட்டுப் பணமும் எப்போதும் நிச்சயமானதல்ல: 2022 ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியதும் கடனில் நடந்த வேலைகள் பல பாதியில் நின்றன, ஜப்பான் தன் கடன் திட்டங்களை மீண்டும் தொடங்கச் சம்மதித்தது 2024 ஜூலையில்.

பாலம் வரும்வரை எதுவானாலும் பரவாயில்லை என்ற எண்ணம் இதன் மறுபக்கம். 2021 நவம்பர் 23 அன்று திருகோணமலை மாவட்டத்துக் கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில், புதிய பாலத்தின் வேலை நடந்துகொண்டிருந்தபோது, மாற்று ஏற்பாடாக ஓடிய மிதவை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலர் உயிரிழந்தனர். தற்காலிகம் என்று பெயரிடப்பட்ட சேவைக்கும் மிதவையின் கொள்ளளவு, உயிர்காப்பு அங்கி, இறங்குதுறைப் படி ஆகியவற்றுக்கான செலவு பால மதிப்பீட்டின் உள்ளேயே இருக்க வேண்டும்.

“காபட் போட்டால் வீதி நன்றாகிவிடும்”

காபட் எனப்படும் தார்க்கலவை மேற்பரப்பு வீதியின் தோல்; சுமையைத் தாங்குவது அதன் கீழுள்ள கல்லும் கிரவலும் இறுகிய மண்ணும். அந்த அடுக்குகள் உலர்ந்திருக்கும்வரை உறுதியாக நிற்கும், நீர் ஊறினால் கூழாகும். எழுவான்கரையில் நிலம் தாழ்வு, நிலத்தடி நீர் மேலே நிற்கும், மாரியில் வாவியும் ஏறும்; முகத்துவாரத்து மணல்திட்டு திறந்து வெள்ளம் கடலுக்கு வடியும் வரை அந்த நீர் இறங்குவதில்லை. இத்தகைய இடத்தில் வீதியின் ஆயுளைத் தீர்மானிப்பது காபட்டின் தடிப்பு அல்ல, ஓரத்து மண்ணின் உயரம்.

மழை விட்ட மறுநாள் உள்வீதி ஒன்றின் விளிம்பில் குந்தியிருந்து பார்த்தால் இது கண்ணுக்குத் தெரியும். பல ஆண்டுகள் தூசும் சருகும் சேர்ந்து, அருகம்புல் வேரோடி, ஓரத்து மண் தார் விளிம்பைவிட இரண்டு விரற்கடை உயர்ந்திருக்கும். நடுவிலிருந்து வழிந்துவரும் நீர் அந்தப் புல்வரம்பில் முட்டி நின்று, தாரின் விளிம்பிலுள்ள மயிரிழை வெடிப்பால் கீழே இறங்கும். அடுத்துவரும் டிப்பரின் சக்கரம் அந்த நீரை அழுத்த, சேற்றுநீர் வெடிப்பின் வழியே கொப்புளித்து மேலே வரும். அதனுடன் வெளியேறும் நுண்மண்தான் நாளைய பள்ளம். மண்வெட்டியால் அந்தப் புல்லைச் செதுக்கி நீருக்கு வழிவிடுவது திருத்த வேலைகளுள் மிக மலிவானது. அது நடக்காத வீதியில் புதிய காபட் இடுவது, ஒழுகும் கூரையின் கீழ்ச் சுவருக்கு வெள்ளையடிப்பதற்கு ஒப்பாகும்.

டிப்பரைப் பற்றியும் ஒரு சொல். அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை நடந்த வீதிச் சோதனையின் முடிவு, வீதிக்கு நேரும் சேதம் அச்சுச் சுமையின் ஏறத்தாழ நான்காம் அடுக்கில் கூடும் என்பதாகும்; அதாவது ஓர் அச்சின் பாரம் இரண்டு மடங்கானால் சேதம் 16 மடங்கு ஆகும். ஆற்றுமண் ஏற்றிய பாரவண்டி ஒன்று ஒழுங்கையில் ஒருமுறை போய்வருவதால் ஆகும் சேதத்துக்கு, அவ்வூரின் மோட்டார் சைக்கிள்கள் எல்லாம் ஆண்டு முழுதும் ஓடுவதால் ஆகும் சேதமும் ஈடாகாது.

“பாலம் அடித்துச் செல்லப்பட்டதா? சீமெந்தில் கள்ளம்”

கள்ளம் இல்லை என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் பாலங்கள் விழுவதன் முதன்மைக் காரணங்களுள் ஒன்று அடியரிப்பு. அதாவது, விரைந்தோடும் நீர் தூணின் அடியிலுள்ள மண்ணைத் தோண்டி எடுத்துவிட, கொங்கிறீட் உடையாமலே தூண் சாய்வது. 1987 ஏப்ரல் 5 அன்று நியூயோர்க் மாநிலத்தின் ஸ்கொஹாரி ஓடைப் பாலம் இவ்வாறு விழுந்து 10 பேர் இறந்தனர். 2024 நவம்பர் இறுதியில் கிழக்கிலங்கையை நனைத்த தாழமுக்கமே ஃபெஞ்சல் புயலாகிப் புதுச்சேரியருகே கரையேறியது. அதன் வெள்ளத்தில், திருவண்ணாமலை மாவட்டத்து அகரம்பள்ளிப்பட்டில் தென்பெண்ணையின் குறுக்கே சுமார் 16 கோடி இந்திய ரூபாயில் கட்டித் திறக்கப்பட்டுச் சில மாதங்களே ஆன பாலம் இடிந்தது. வடிவமைத்த அளவைப் போலப் பன்மடங்கு நீர் வந்தது என்பது அரசின் விளக்கம். ஆகவே மதகொன்றைத் திருத்தும் மதிப்பீட்டில் முதலில் பார்க்க வேண்டியது எத்தனை மூடை சீமெந்து என்பதல்ல, எவ்வளவு நீருக்கு வாய் திறந்திருக்கிறது என்பதே.

“பணம் வந்தால் வேலை நடக்கும்”

எல்லாவற்றிலும் சேதம் கூடியது இந்த நம்பிக்கை. இலங்கையின் நிதியாண்டு ஜனவரி 1 இல் தொடங்கி டிசெம்பர் 31 இல் முடிகிறது. மட்டக்களப்பின் ஆண்டு மழையில் பெரும்பகுதி ஒக்டோபர் பிற்பகுதிக்கும் ஜனவரிக்கும் இடையே வடகீழ்ப் பருவக்காற்றால் பெய்கிறது. ஒதுக்கீட்டுக்கு அனுமதி, தொழில்நுட்ப உத்தியோகத்தரின் மதிப்பீடு, விலைமனு, ஒப்பந்தம் என ஒவ்வொன்றாகக் கடந்து கடதாசி வேலை முடியும்போது பெரும்பாலும் ஆவணி, புரட்டாதி ஆகிவிடும். ஒப்பந்தகாரர் கல்லும் மணலும் பறிக்கும்போது வானம் இருண்டிருக்கும். செலவாகாத பணம் ஆண்டிறுதியில் திறைசேரிக்குத் திரும்பிவிடும் என்ற அச்சத்தில், ஈர மண்ணின் மேல் கிரவல் பரப்பி உருளை ஓட்டி அளவுப் புத்தகத்தை மூடுவார்கள். தை பிறக்கும்போது வீதி மீண்டும் குன்றும் குழியுமாகக் கிடக்கும். மேல் மாகாணத்துக்கு அவ்வளவு இடைஞ்சல் தராத நாட்காட்டி கிழக்குக்கு நேர் எதிராக அமைந்திருக்கிறது, இதைச் சரிசெய்யப் புதிய பணம் தேவையில்லை. மாசி முதல் ஆவணி வரையான வறண்ட மாதங்களில் வேலை தொடங்கும்படி மதிப்பீடுகளை முந்திய ஆண்டிலேயே முடித்து வைத்திருந்தால் போதும்.

இதற்கு ஊரின் பங்கு ஒன்று உண்டு. அடுத்த ஆண்டுக்கான கோரிக்கை, வீதியின் பெயர், உரிமையாளர், நீளம், நீர் நிற்கும் இடம் ஆகியவற்றுடன் எழுத்தில், சபையின் வரவு செலவுத் திட்டம் தயாராவதற்கு முன்பே, அதாவது ஆடி பிறக்குமுன் கொடுக்கப்பட வேண்டும். கொடுத்தபின் அந்த வீதிக்கு இவ்வாண்டு எவ்வளவு ஒதுக்கப்பட்டது, மதிப்பீடு எப்போது கையெழுத்தானது, பணம் திரும்பிச் சென்றதா என்று 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்க் கேளுங்கள்; விண்ணப்பத்தில் காரணம் சொல்லத் தேவையில்லை, தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தம் முடிவை அறிவிக்க வேண்டும்.