பட்டிக் காவலுக்கு நாய்க்குட்டி தேர்ந்தெடுக்கும் முறை

இருபது ஆடும் இரண்டு ஏக்கர் தோட்டமும் உள்ள சிறு விவசாயிக்கு நல்ல காவல் நாய் ஒன்று இருந்தால் இரவில் பாதிக் கவலை குறையும். திருடன், நரி, தெருநாய்க் கூட்டம் ஆகிய மூன்றும் வருவதை முதலில் அறிவிப்பது அதுவே. ஆனால் நிறத்தையும் அழகையும் மட்டும் பார்த்து வாங்கிய குட்டி, வளர்ந்த பின் காது கேளாததாகவோ, சொந்த ஆட்டையே விரட்டிக் கடிப்பதாகவோ அமைந்துவிடுவதும் உண்டு. கொடுத்த பணம் வீணாவதோடு, பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் அதற்குத் தீனியும் போட்டாக வேண்டும். ஆகவே வாங்கும்போதே கவனம் தேவை.

எந்த வேலைக்கு எந்த இனம்?

தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களில் நான்கு நாட்டு இனங்கள் பெயர் பெற்றவை.

ராஜபாளையம்: விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்தது. வெள்ளை உடலும் இளஞ்சிவப்பு மூக்கும் உடையது. 2005-ம் ஆண்டு இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு நாயினத் தபால் தலைகளில் இதற்கும் ஒன்று உண்டு. வீட்டுக்கும் தோட்டத்துக்கும் நல்ல காவல். வளர்த்தவருக்கே கட்டுப்படும், அயலாரை எளிதில் அண்டவிடாது.

கோம்பை: தேனி மாவட்டம் கோம்பைப் பகுதியைச் சேர்ந்தது. செவலை நிறம், கறுத்த மூஞ்சி, கட்டான உடல். காட்டை ஒட்டிய நிலங்களுக்கு ஏற்ற துணிச்சல் உள்ளது.

சிப்பிப்பாறை, கன்னி: ஒடுங்கிய வயிறும் ஆழ்ந்த மார்பும் நீண்ட கால்களும் உடைய ஓட்ட நாய்கள். கன்னி பெரும்பாலும் கறுப்பு உடலும் கண்ணுக்கு மேல் பழுப்புப் புள்ளியும் கொண்டது. இவை முயல் வேட்டைக்காக வளர்க்கப்பட்டவை. கண்ணெதிரே ஓடுவதைத் துரத்துவது இவற்றின் பிறவிக் குணம். ஆட்டுக்குட்டிகள் துள்ளி ஓடும் பட்டியில் இவற்றைக் குட்டியிலிருந்தே பழக்காவிட்டால் தொல்லைதான். 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி நாயைக் கொண்டு முயல் வேட்டையாடுவது குற்றம் என்பதையும் மறக்கலாகாது.

இனப்பெயர் மட்டும் காவல் காத்துவிடாது. கிடை போடும் கீதாரியிடம் பல ஆண்டு ஆட்டோடு அலைந்த சாதாரண நாட்டு நாயின் குட்டி, அதிக விலை கொடுத்து வாங்கிய இனக்குட்டியை விடப் பட்டிக்குப் பொருத்தமாக அமைவதுண்டு. செலவும் குறைவு.

குட்டிக்கு முன் தாயைப் பார்க்கவும்

சந்தையிலோ வழியிலோ கூடையில் வைத்து விற்கும் குட்டியை வாங்கக் கூடாது. குட்டி ஈன்ற இடத்துக்கே நேரில் சென்று, தாய் வேலை செய்யும் நாயா என்று பார்க்க வேண்டும். அயலார் வந்தால் குரைத்து எதிர்நின்று, உரிமையாளர் அதட்டியதும் அடங்கும் தாயே சிறந்தது. அஞ்சி ஒளிந்துகொள்ளும் தாயின் குட்டியும், காரணமின்றிக் கடிக்கப் பாயும் தாயின் குட்டியும் வேண்டாம். ஆடு, கோழி அருகில் வரும்போது தாய் அமைதியாகப் படுத்திருக்கிறதா என்பதையும் கவனிக்க வேண்டும்.

தந்தை நாய் எது என்று கேட்டறிவது அவசியம். நிறம் மாறாமல் இருக்க வேண்டுமென்று தாயையும் மகனையும், அண்ணனையும் தங்கையையும் இணை சேர்ப்போர் உண்டு. இவ்வாறு திரும்பத் திரும்ப இணை சேர்த்தால் அங்கக் குறையும், நோயைத் தாங்கும் சக்திக் குறைவும் குட்டிகளில் தலைகாட்டும்.

காது கேட்கிறதா?

வெள்ளை நாய்களில் பிறவிச் செவிடு கூடுதலாகக் காணப்படுகிறது. நிறம் தரும் அணுக்களே உட்காது இயங்கவும் தேவைப்படுகின்றன. அவை உட்காதில் இல்லாதபோது காது கேட்பதில்லை. ஆகவே ராஜபாளையம் குட்டி வாங்குவோர் இந்தச் சோதனையைத் தவறாமல் செய்ய வேண்டும்.

குட்டியை மற்றக் குட்டிகளிடமிருந்து பிரித்துத் தனியே விட வேண்டும். கூட இருந்தால் மற்றவை திரும்புவதைப் பார்த்து இதுவும் திரும்பிவிடும். பிறகு அதன் கண்ணில் படாமல் பின்னால் நின்று தட்டைத் தட்ட வேண்டும். காலால் தரையை உதைக்கக் கூடாது. அதிர்வை உணர்ந்தே குட்டி திரும்பிவிடும். தூங்கும் குட்டியிடமும் ஒரு முறை சோதிப்பது நல்லது. சத்தத்தில் திடுக்கிட்டாலும், சிறிது நேரத்தில் தட்டை முகர்ந்து பார்க்க வரும் குட்டியே காவலுக்கு உகந்தது.

ஒரு காது மட்டும் கேளாத குட்டியை இச்சோதனையில் கண்டுகொள்வது கடினம். செவிட்டு நாயை இனப்பெருக்கத்துக்கு விடவே கூடாது.

வயதும் உடல் நலமும்

எட்டு வாரம் நிறைந்த குட்டியை வாங்குவது நல்லது. அதற்கு முன் பிரித்தால், தாயிடமும் கூடப் பிறந்தவற்றிடமும் கற்க வேண்டிய அடக்கத்தைக் கல்லாமல் போகும். கண் தெளிவாக இருக்க வேண்டும். ஈறு வெளுத்திருந்தாலும் வயிறு மட்டும் உப்பியிருந்தாலும் குடற்புழு உண்டென்று கொள்ளலாம். தொப்புளில் புடைப்பு, கால் வளைவு, தாடைக் கோணல் உள்ளவற்றைத் தள்ளிவிட வேண்டும்.

ஆட்டோடு பழக்குதல்

மூன்றரை மாதம் வரை குட்டி பார்ப்பதையெல்லாம் தன் கூட்டமாக ஏற்றுக்கொள்ளும். ஆகவே வந்த நாள் முதல் பட்டிக்கு அருகிலேயே அதற்கு இடமும் தீனியும் தர வேண்டும். சாதுவான பெரிய ஆடுகளோடு, ஆள் இருக்கும்போது மட்டும் விட வேண்டும். ஆட்டின் காதையோ வாலையோ விளையாட்டாகக் கவ்வினால் அப்போதே அதட்டிப் பிரிக்க வேண்டும். ஓராண்டு முடியும் வரை ஆட்டுக்குட்டிகளோடு தனியே விடலாகாது.

ஊசியும் புழு மருந்தும்

எட்டு வாரத்தில் பார்வோ, டிஸ்டெம்பர் நோய்களுக்குத் தடுப்பூசியும், மூன்று நான்கு வாரங்கள் கழித்து ஊக்க ஊசியும் போட வேண்டும். மூன்று மாதம் முடிந்ததும் வெறிநோய்த் தடுப்பூசி. பின்னர் கால்நடை மருத்துவர் சொல்லும் காலப்படி தொடர வேண்டும். வெறிநோய் கண்டபின் மனிதனுக்கும் பிழைப்பு அரிது என்பதால் இதில் தாமதம் கூடாது.

ஆடு அறுத்தபின் ஈரல், நுரையீரல், மூளை ஆகியவற்றை நாய்க்குப் பச்சையாகப் போடும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். அவற்றிலுள்ள நீர்க்கட்டிகள் நாயின் குடலில் நாடாப்புழுவாக வளர்கின்றன. நாயின் மலத்தோடு முட்டைகள் புல்லில் விழுந்து, மேயும் ஆட்டுக்குச் செல்கின்றன. மூளையில் கட்டி வளர்ந்த ஆடு ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வந்து மடியும். இன்னொரு வகை நாடாப்புழுவின் முட்டை மனிதனின் ஈரலிலும் கட்டியை உண்டாக்கும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை கால்நடை மருத்துவர் சொல்லும் அளவில் நாய்க்கு நாடாப்புழு மருந்து கொடுத்தால், ஆட்டுக்கும் வீட்டாருக்கும் ஒருசேரப் பாதுகாப்புக் கிடைக்கும்.

தாயின் குணம், குட்டியின் காது, ஆட்டோடு பழக்கம், காலத்தில் ஊசியும் மருந்தும் ஆகிய இந்நான்கையும் கவனித்தால், செலவிட்ட பணத்துக்குப் பத்தாண்டுக் காவல் கிடைக்கும். குட்டி வாங்கிய வாரத்திலேயே அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் காட்டி ஆலோசனை பெறுவது நலம்.