பழைய பாண்டம் பைக்கைப் பார்த்து வாங்குவது எப்படி?

இங்கிலாந்தில் பழைய பிஎஸ்ஏ பாண்டம் ஒன்று விற்பனைக்கு வந்தால், பளபளக்கும் பெயிண்ட்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள். எண்களும் எஞ்சினின் அடிவயிறும் சரியாக இருந்தால் அவற்றுக்குக் கொடுங்கள். இப்படிச் சொல்வதற்குக் காரணம் வண்டியின் பிறப்பிலேயே இருக்கிறது. ஜெர்மனியின் டிகேடபிள்யூ ஆர்டி125 வடிவமைப்பு போர் இழப்பீடாகக் கிடைத்து, அதிலிருந்து 1948இல் 123 சிசி டி1 உருவானது. 1971 வரை எஞ்சின் 148, பிறகு 175 சிசி என்று வளர்ந்தாலும் அடிப்படை மாறவில்லை. ஆகவே ஒரு மாடலின் எஞ்சின் இன்னொன்றின் சட்டகத்தில் அதிகச் சிரமமில்லாமல் உட்கார்ந்துவிடும். இந்த வசதிதான் வாங்குபவருக்கு ஆபத்து.

முதலில் சட்டக எண்ணையும் எஞ்சின் எண்ணையும் குறித்துக்கொண்டு, வி5சி பதிவுச் சான்றோடு ஒப்பிடுங்கள். டி1இல் இரண்டும் வெவ்வேறாக இருப்பது இயல்பு, பயப்பட வேண்டாம். சான்றில் உள்ளதோடு பொருந்தாவிட்டால்தான் கவலை. ‘ஓட்டத்தானே வாங்குகிறேன், எண் எதற்கு?’ என்று கேட்கலாம். பழைய பதிவெண்ணும், 40 ஆண்டு கடந்த வண்டிக்கான வரி விலக்கும் அந்த அடையாளத்தை நம்பியே நிற்கின்றன.

அடுத்தது எஞ்சின். நீங்கள் போகும்போது அது குளிர்ந்திருக்க வேண்டும். முன்பே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் போங்கள். இது டூ-ஸ்ட்ரோக், பெட்ரோல் கலவை முதலில் கிராங்க் அறைக்குள் போய், பிஸ்டன் இறங்கும்போது மேலே தள்ளப்படுகிறது. கிராங்க் ஆயில் சீல் தேய்ந்தால் காற்று புகுந்து கலவை மெலியும், ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். கியர்பாக்ஸ் எண்ணெய் இருக்கும் பக்கத்து சீல் போயிருந்தால் அந்த எண்ணெய் உள்ளே உறிஞ்சப்படும். தொடக்கப் புகை சகஜம். சூடான பிறகும் அடர்த்தியாக வந்துகொண்டே இருந்தால் சந்தேகப்படுங்கள். பிறகு எஞ்சினை நிறுத்தி, ஃபிளைவீல் மூடியைக் கழற்றி, ஃபிளைவீலை மேலும் கீழும் ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் பேரிங் போய்விட்டது. ‘உதிரி பாகம்தான் தாராளமாகக் கிடைக்கிறதே’ என்பார் விற்பவர். உண்மைதான், ஆனால் எஞ்சினைப் பிரித்துச் சேர்க்கும் கூலி உங்களுடையது. கிழிந்த சீட்டும் உரிந்த குரோமும் கடைசியில், பேரம் பேசும்போது எடுத்தால் போதும்.