“ஒரு கிளாஸ் தேத்தண்ணி குடிச்சா என்ன ஆயிடும்?”



சென்ற மாதம் நம் மருந்தகத்தில் ஓர் அண்ணனின் காலைக் கழுவிக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். செம்பனைக் குலை வெட்டுபவர். மட்டை முள் குத்தி மூன்று நாள் ஆகியிருந்தது. குத்தியது அவருக்கே தெரியாது. பூட்ஸைக் கழற்றும்போது காலுறை ஈரமாயிருந்ததைப் பார்த்து அவர் மனைவிதான் பதறிப்போய் அழைத்து வந்தார். இனிப்புநீர் பல வருடம் கட்டுப்படாமல் இருந்தால் பாதத்தில் உணர்ச்சி மங்கிவிடும். முள் குத்தினாலும் வலிக்காது, வலிக்காததால் கவனிக்க மாட்டோம், புண் உள்ளே போய்விடும். இவருக்கு ஏற்கெனவே ஒரு விரலை எடுத்தாகிவிட்டது.

“சாப்பாட்டைப் பற்றி எத்தனை தடவை சொன்னேன், அண்ணே?” என்று கொஞ்சம் கடுமையாகவே கேட்டுவிட்டேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: “எல்லாம் தெரியும் டிரஸரே. வீட்ல ஒழுங்காத்தான் இருக்கேன். வெளிய போனா எப்படி வேணாம்னு சொல்றது? மச்சான் வீட்டு விசேஷம். மாமியார் கையால பாயாசம் ஊத்துறாங்க. நான் கையைக் குறுக்க நீட்டுனா அவங்க என்னா நெனைப்பாங்க?”

எனக்குப் பதில் வரவில்லை. எதைச் சாப்பிடலாம், எதைச் சாப்பிடக்கூடாது என்று இருபது வருடமாகச் சொல்லி வருகிறேன். அரசாங்கம் கொடுத்த படங்களைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். அன்பாக ஒருவர் நீட்டும் கிளாஸை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று ஒருநாளும் சொல்லிக் கொடுத்ததில்லை. அதனால் இந்த மாதம் அதைப் பற்றியே எழுதுகிறேன்.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் மருந்தகத்துக்குப் புதுச் சோதனைக் கருவி வந்தது. சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க என் விரலையே குத்திக்கொண்டேன். காலை நேரம், வெறும் வயிறு. 8.4 என்று காட்டியது. கருவிதான் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்தேன்! மறுநாள் பார்த்தால் 8.1. பெரிய ஆஸ்பத்திரியில் இரத்தம் கொடுத்தேன், உறுதியாகிவிட்டது. வெறும் வயிற்றில் 7 அல்லது அதற்கு மேல் என்று இரண்டு தடவை வந்தால் அது இனிப்புநீர்தான்.

எனக்கு எப்படி வந்தது? அப்பாவுக்கு இருந்தது, அது ஒரு காரணம். இன்னொன்று, லயத்தில் குழந்தைக்குக் காய்ச்சல் என்று பார்க்கப் போனால் ஒரு கிளாஸ் தேத்தண்ணி, டெங்கிக் கொசு இருக்கிறதா என்று தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கப் போனால் ஒரு கிளாஸ். நான்கு வீடு ஏறினால் நான்கு கிளாஸ். வேண்டாம் என்றால், “எங்க வீட்ல குடிக்க மாட்டீங்களோ?” என்று கேட்டுவிடுவார்களே என்ற பயம்.

வந்த பிறகாவது நிறுத்தினேனா? இல்லை. ஊருக்கு உபதேசம் செய்யும் டிரஸருக்கே இனிப்புநீர் என்று சிரிப்பார்களே என்று ஆறு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. வெளியே தெரியாமல் இருப்பதற்காகவே ஊற்றியதையெல்லாம் குடித்தேன். இதைவிட முட்டாள்தனம் உண்டா?

ஒருநாள் கடைசி லயத்தில் ஒரு பாட்டி கிளாஸை நீட்டியபோது வாய் தவறி வந்துவிட்டது. “பாட்டி, எனக்கு இனிப்புநீர். பாலும் சீனியும் வேணாம்.” பாட்டி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “இதை மொதல்லயே சொல்லக்கூடாதாப்பா? எனக்குந்தான் பத்து வருசமா இருக்கு. நீ டிரஸரா இருக்கியே, வெறுந்தண்ணி குடுத்தா மரியாதை இல்லேன்னு பால் ஊத்துனேன்” என்றார். பிறகு இஞ்சியைத் தட்டிப் போட்டு, சீனி இல்லாமல் இரண்டு கிளாஸ் போட்டு வந்தார். இரண்டு பேரும் குடித்தோம். அடுத்த வாரத்துக்குள் லயம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. நம் தோட்டத்தில் எதுதான் பரவாது! அதன் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் நான் கேட்காமலேயே கொசோங்தான் வருகிறது. யாரும் கோபித்துக்கொள்ளவில்லை, யாரும் சிரிக்கவுமில்லை.

நாம் மறுப்பதால் மற்றவர்களுக்கு வருத்தம் வருவதில்லை, காரணம் தெரியாமல் மறுப்பதால்தான் வருகிறது என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. இது வெட்கப்படும் வியாதியும் அல்ல. 2019 ஆம் ஆண்டு நாடு தழுவிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. 2023 ஆய்வில் அது 15.6 விழுக்காடு. இரண்டு ஆய்விலும் மற்ற இனங்களைவிட இந்தியர்களிடம்தான் மிக அதிகம். ஒரு பந்தியில் பத்துப் பேர் உட்கார்ந்தால் அதில் இரண்டு மூன்று பேராவது நம்மைப் போலத்தான் இருப்பார்கள். எல்லோரும் ஒருவருக்கொருவர் மறைத்துக்கொண்டு பாயாசம் குடித்துக்கொண்டிருக்கிறோம்!

தேத்தண்ணிக் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். ஒரு மேசைக்கரண்டி டின்பாலில் ஏறக்குறைய 10 கிராம் சீனி இருக்கிறது. கடையில் ஒரு கிளாஸுக்கு இரண்டு கரண்டியாவது ஊற்றுவார்கள். அது நான்கு தேக்கரண்டி சீனிக்குச் சமம். வேலைக்குப் போகுமுன் ஒன்று, பத்து மணிக்குப் பசியாறும்போது ஒன்று, சாயங்காலம் ஒன்று என்றால் 60 கிராம் ஆகிவிடும். உலகச் சுகாதார நிறுவனம் 2015 இல் சொன்ன கணக்குப்படி, சாதாரண ஆளே ஒரு நாளைக்கு இப்படிச் சேர்க்கும் சீனி 50 கிராமுக்குள் இருக்க வேண்டும், 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது. டின்னிலும் போத்தலிலும் வரும் இனிப்புப் பானங்களுக்கு அரசாங்கம் 2019 ஜூலை முதல் தேதியிலிருந்து வரி போட்டது. ஆனால் கடைக்காரர் கலக்கிக் கொடுக்கும் தேத்தண்ணிக்கு வரி கிடையாது. அதை நாமேதான் குறைத்தாக வேண்டும்.

ஒரேயடியாக விடாதீர்கள். நான் அப்படி விட்டுப் பார்த்து நான்காம் நாள் இரண்டு கிளாஸ் சேர்த்துக் குடித்தேன். முதல் இரண்டு வாரம் “குராங் மானிஸ்” என்று சொல்லி வாங்குங்கள். பிறகு டின்பாலை விட்டு வெறும் பால், அப்புறம் “தே ஓ கொசோங்”. நாக்கு மூன்று நான்கு வாரத்தில் பழகிவிடும். கூட்டாளிகள் கிண்டல் செய்வார்கள். “என்னாண்ணே, கசாயம் குடிக்கிறீங்க?” என்பார்கள். சிரித்துவிட்டுக் குடியுங்கள். கடை மேசையில் உங்களோடு சேர்ந்து இன்னொருவர் மாறிவிட்டால் கிண்டல் நின்றுவிடும். அந்த ஒருவரை முதலில் பிடியுங்கள். சீனிக்குப் பதில் தேன், கருப்பட்டி, குலா மெலாக்கா போட்டால் பரவாயில்லையா என்று பலர் கேட்கிறார்கள். பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். இரத்தத்தில் இறங்கினால் எல்லாம் சீனிதான்.

இனி கோயில் திருவிழா, கல்யாணப் பந்தி. பரிமாறுகிறவர் வாளியோடு வேகமாக வருவார். அவருக்கு விளக்கம் கேட்க நேரம் இருக்காது. ஆகவே இலையில் சோறு விழுவதற்கு முன்பே பொரியலையும் கூட்டையும் இரண்டு தடவை கேட்டு வாங்கி அதை முதலில் சாப்பிடுங்கள். காய்கறியை முதலில் தின்றுவிட்டுச் சோற்றுக்கு வந்தால் இரத்தத்தில் சர்க்கரை மெதுவாக ஏறும், சோறும் குறைவாகத்தான் இறங்கும். மறுசோறு வரும்போது “வேண்டாம்” என்று சொன்னால் வற்புறுத்துவார்கள். “அப்புறம் வாங்கிக்கிறேன் தம்பி” என்று சொல்லுங்கள், அவர் அடுத்த இலைக்குப் போய்விடுவார். இது பொய்யா என்று ஒரு அம்மா என்னிடம் கேட்டார். கடவுள் மன்னிப்பார் என்று சொன்னேன்.

மாமியார் பாயாசம் விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு கரண்டி வாங்கிக் குடியுங்கள், அதற்கு ஈடாகச் சோற்றைக் குறையுங்கள். வருடத்தில் நாலு விசேஷத்தில் இரண்டு கரண்டி பாயாசம் குடிப்பதால் கால் போய்விடாது. தினமும் மூன்று கிளாஸ் குடிக்கும் தேத்தண்ணியும் தட்டு நிறையக் கொட்டும் சோறும்தான் காலை எடுக்கின்றன. தீபாவளிக்கு வீடு வீடாகப் போகும்போது ஒரு வீட்டில் ஒரு முறுக்கு, இன்னொரு வீட்டில் ஒரு துண்டு நெய்யுருண்டை என்று வைத்துக்கொண்டு, மீதிக்கு “கட்டிக் குடுங்கக்கா, பிள்ளைங்க சாப்பிடும்” என்று கேளுங்கள். தாப்பாவ் கேட்டால் எந்த அக்காவுக்கும் சந்தோஷம்தான். டுரியான் காலத்தில் இரண்டு சுளையோடு கையைக் கழுவிவிட்டு எழுந்து போய்விடுங்கள். கூடையைச் சுற்றி உட்கார்ந்திருந்தால் நானாக இருந்தாலும் நிறுத்த முடியாது. பீர், சம்சு பற்றி இன்னொரு மாதம் எழுதுகிறேன், அதற்குத் தனிப் பக்கம் வேண்டும்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் எல்லோருக்கும் போட்டுவிட்டுக் கடைசியாக உட்காருகிறீர்கள். அப்போது மீனும் காய்கறியும் தீர்ந்திருக்கும், சோறும் குழம்பும் மட்டும் மிஞ்சியிருக்கும். பிள்ளைகள் தட்டில் விட்டதையும் வீணாகக்கூடாதென்று வழித்துச் சாப்பிடுகிறீர்கள். மருந்தகத்துக்கு வரும் பெண்களில் பலருக்குச் சர்க்கரை ஏறுவது இப்படித்தான். சமைத்து இறக்கியவுடன் உங்கள் பங்கு மீனையும் கீரையையும் ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடி வைத்துவிடுங்கள். கணவன்மார்களே, அந்தக் கிண்ணத்தைத் தொடாதீர்கள்!

வீட்டுக்காரருக்கு இனிப்புநீர் என்றால் அவருக்கு மட்டும் தனிப் பானை வைக்க வேண்டியதில்லை. தனிச் சமையல் மூன்று வாரத்துக்கு மேல் நிலைத்து நான் பார்த்ததில்லை. சமைக்கிறவருக்கு அலுத்துவிடும், சாப்பிடுகிறவருக்கும் தண்டனை போல இருக்கும். அரசாங்கம் சொல்லும் “சுக்கு சுக்கு செபாரோ” தட்டை வீட்டில் எல்லோருக்குமே வையுங்கள். தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், கோழி, முட்டை அல்லது பருப்பு, மீதிப் பாதி காய்கறியும் பழமும். காய்கறி விலை ஏறிவிட்டது, வாஸ்தவம்தான். கங்கோங் வாங்கினால் அடித்தண்டை எறியாமல் ஈர மண்ணில் ஊன்றி வையுங்கள், மூன்று நான்கு வாரத்தில் மறுபடி வெட்டலாம். வீட்டோரம் ஒரு முருங்கை இருந்தால் கீரைக்குக் காசே வேண்டாம். ஆனால் புல்லுக்கு மருந்து அடிக்கும் பகுதியிலும் அதன் ஓடைக்கரையிலும் கீரை பறிக்காதீர்கள்.

இப்போது சொல்வதைக் கவனமாகப் படியுங்கள். இன்சுலின் போடுகிறவர்களும், சர்க்கரையை வேகமாக இறக்கும் சில மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர்களும், இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு நாளைக்கே சோற்றைப் பாதியாக்கிவிடக்கூடாது. மருந்து அதே அளவு, சோறு பாதி, அதோடு வெயிலில் வேலை என்றால் சர்க்கரை 4 க்குக் கீழே போய்விடும். திடீர் வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, கண் இருட்டு, சம்பந்தமில்லாத பேச்சு என்று வரும். உயரத்தில் கொக்கிக் கத்தியைப் பிடித்திருக்கும்போது இது வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். பதினைந்து நிமிடத்தில் சரியாகாவிட்டால் மறுபடி கொடுங்கள், தெளிந்ததும் ரொட்டியோ பிஸ்கட்டோ சாப்பிடட்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், வண்டியைக் கூப்பிடுங்கள். இப்படிப்பட்டவர்கள் மருந்துச் சீட்டோடு என்னிடம் வாருங்கள், டாக்டரிடம் கேட்டு மருந்தையும் சாப்பாட்டையும் சேர்த்தே குறைப்போம். தீமிதிக்கு விரதம் இருப்பவர்களும் விரதம் தொடங்கும் முன்பே வந்து சொல்லிவிடுங்கள். மெட்ஃபோர்மின் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு இது அபூர்வம், என்றாலும் கேட்டுக்கொள்வது நல்லது.

விருந்து வைக்கிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள். கிளாஸை நீட்டுமுன் “சீனி போடலாமா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஒருவர் வேண்டாம் என்றால் “ஒரு கிளாஸ் குடிச்சா என்ன ஆயிடும்?” என்று கேட்காதீர்கள். நம் தோட்டத்துக் கோயில் கமிட்டியில் இந்த வருடம் இதைப் பேசினேன். சிராப் தண்ணீரை நிறுத்த முடியாது, பிள்ளைகள் அழும் என்றார்கள். ஆனால் பக்கத்திலேயே ஒரு அண்டா வெறும் தண்ணீரும், சீனி போடாத தேத்தண்ணியும் வைக்க ஒப்புக்கொண்டார்கள். திருவிழா அன்று மத்தியானம் இரண்டு மணிக்கெல்லாம் சீனி இல்லாத அண்டா காலியாகிவிட்டது. முள் குத்திய அண்ணனும் கட்டுப் போட்ட காலோடு வந்திருந்தார். மாமியாரைத் தானே கூட்டி வந்து, “இவங்ககிட்ட நீங்களே சொல்லுங்க டிரஸரே” என்றார். அந்த அம்மா, “சொல்லவே இல்லையே மருமகன்” என்று கண் கலங்கிவிட்டார்.

இனிப்புநீர்ச் சோதனைக்கு வருகிறவர்கள் முதல் நாள் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு வெறும் தண்ணீர் தவிர எதுவும் சாப்பிடாமல், காலையில் பிரட்டுக்கு முன்பே மருந்தகத்துக்கு வரலாம். ஐந்து மணிக்கே திறந்திருப்பேன். வரும்போது பூட்ஸைக் கழற்றிக் காலையும் காட்டுங்கள். உங்களுக்கு வீட்டில் சோறு போடுகிறவரையும் கையோடு அழைத்து வாருங்கள்.