பழைய காமிக்ஸ் நிறத்தில் ஒரு படம்

வெள்ளகோவிலில் என் வீட்டுப் பரண் மேல் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. உள்ளே சிறு வயதில் சேர்த்த முத்து, லயன் காமிக்ஸ் புத்தகங்கள். முத்து காமிக்ஸ் 1972ல் 'இரும்புக்கை மாயாவி' கதையுடன் சிவகாசியில் தொடங்கியது. லயன் 1984ல் வந்தது. அந்தக் கால இதழ்களில் அட்டைதான் கலர். உள்ளே பெரும்பாலும் சாணித்தாளில் கறுப்பு வெள்ளை. இப்போது திறந்து பார்த்தால் வெள்ளை எங்கே இருக்கிறது? எல்லாம் பழுப்பு. அந்த நிறத்திலேயே நாமும் கம்ப்யூட்டரில் படம் வரையலாம். கிம்ப் என்ற இலவச மென்பொருள் போதும்.

பலரும் செபியா பட்டனை அழுத்தி முடித்து விடுகிறார்கள். அது தாள், மை இரண்டையும் ஒன்றாகப் பழுப்பாக்கி விடும். உண்மையில் நடப்பது வேறு. சாணித்தாளில் மரத்தின் லிக்னின் என்ற பொருள் நீக்கப்படாமல் இருக்கும். காற்றும் வெளிச்சமும் பட்டால் அது பழுப்பாகும். அதனால் ஓரம் முதலில் கறுக்கும், நடுப்பகுதி பிறகு. கறுப்பு மை அப்படியே இருக்கும். வெயிலில் தொங்கிய அட்டையின் கதை வேறு. மஞ்சளும் மெஜந்தாவும் முதலில் வெளுத்து, நீலம் மிஞ்சும். டீக்கடைச் சுவரில் பழைய சினிமா போஸ்டர் நீலம் பாய்ந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்களே, அதே காரணம்தான்.

முதலில் ஒரு பக்கத்தை 300 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். பக்கம் கறுப்பு வெள்ளையாக இருந்தாலும் கலர் மோடில்தான் ஸ்கேன் செய்ய வேண்டும். ஸ்கேனரின் தானியங்கி நிறத் திருத்தத்தை நிறுத்தி, பிஎன்ஜி ஃபைலாகச் சேமியுங்கள். உடனே ஒரு நகல் எடுத்து அதில் மட்டும் வேலை செய்யுங்கள். இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. நான் முதல் ஸ்கேனிலேயே நிறத்தைப் பளிச்சென்று திருத்தி, அதே பெயரில் சேமித்து விட்டேன். பழுப்பு போய் விட்டது. மறுபடி ஸ்கேன் செய்யப் புத்தகத்தை விரித்தபோது, துருப்பிடித்த பின் இருந்த இடத்தில் பக்கம் கிழிந்து கையோடு வந்தது. பழைய தாள் இரண்டாவது வாய்ப்புத் தராது.

அடுத்து கலர் பிக்கர் டூலால் தாளின் நடுவிலும் ஓரத்திலும் கிளிக் செய்து எண்களைக் குறித்துக் கொள்ளுங்கள். என் பக்கத்தில் நடுவில் சிவப்பு 226, பச்சை 206, நீலம் 165. ஓரத்தில் 188, 150, 100. நீலம்தான் அதிகம் குறைகிறது, கவனியுங்கள். புதிய ஃபைல் திறந்து, கிரேடியண்ட் டூலில் ரேடியல் வடிவத்தைத் தேர்வு செய்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு இந்த இரு நிறங்களையும் பரப்புங்கள். தாள் தயார்.

படத்தை வெள்ளைத் தாளில் கறுப்புப் பேனாவால் வரைந்து ஸ்கேன் செய்யுங்கள். மாயாவியை நகல் எடுக்க வேண்டாம், அது அடுத்தவர் சொத்து. நான் தறிக் குடோன் கூரையில் நிற்கும் ஒரு முகமூடிக்காரனை வரைந்தேன். கலர்ஸ் மெனுவில் த்ரெஷோல்டு கொடுத்தால் கோடு சுத்தமாகும். இதைத் தாளுக்கு மேல் லேயராக வைத்து, மோடை மல்டிப்ளை என்று மாற்றுங்கள். வெள்ளை மறைந்து கோடு மட்டும் தாளில் பதியும்.

நிறம் கொடுப்பது திருப்பூரில் பனியன் பிரிண்டிங் செய்வது போலத்தான். அங்கே நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன், இங்கே நிறத்துக்கு ஒரு லேயர். வெள்ளை பூசிய மூன்று லேயர்களில் சையான், மெஜந்தா, மஞ்சள் ஆகியவற்றை வெளிர் நிறமாகத் தீட்டுங்கள். அடர் நிறம் கொடுத்தால் புள்ளி விழாது. ஃபில்டர்ஸ், டிஸ்டார்ட்ஸ், நியூஸ்பிரிண்ட் சென்று, சிஎம்ஒய்கே முறையைத் தேர்வு செய்தால் அச்சுப் புள்ளிகள் வரும். ஒவ்வொரு லேயருக்கும் தனித்தனியாகச் செய்து, மூன்றையும் மல்டிப்ளை ஆக்குங்கள்.

பிறகு மெஜந்தா லேயரை மூவ் டூலால் மூன்று நான்கு பிக்சல் தள்ளி வையுங்கள். பிரிண்டிங்கில் ஸ்கிரீன் நகர்ந்தால் சரக்கு ரிஜக்ட் ஆகும். நமக்கோ அதுதான் அழகு! வெயில் பட்ட அட்டை போல வேண்டுமா? மஞ்சளின் ஒபாசிட்டியை 40, மெஜந்தாவை 50 ஆக்குங்கள். சையானைத் தொடாதீர்கள்.

வேலை முடிந்ததும் எக்ஸ்சிஎஃப் ஃபைலாகச் சேமியுங்கள், லேயர்கள் அப்படியே இருக்கும். ஜேபெக் வேண்டுமானால் எக்ஸ்போர்ட் செய்து கொள்ளலாம்.