எண்ணெய் பிடிகலம்

மோட்டார் எஞ்சினில் பெட்ரோல் எரியுங்கால் எழும் வாயுவிற் சிறிது, பிஸ்டன் வளையங்களைக் கடந்து கீழேயுள்ள எண்ணெய் அறையினுட் புகுந்து, எண்ணெய்த் திவலைகளையும் நீராவியையும் சுமந்துகொள்ளுகின்றது. முற்காலத்தில் இதனை ஒரு குழாய் வழியே வீதியில் விட்டனர். காற்று நஞ்சாதல் கண்டு, கலிபோர்னியாவில் 1961ஆம் ஆண்டு மாதிரிப் புதுவண்டிகள் முதல், எஞ்சினே அதனை மீண்டும் உட்கொள்ளுமாறு ஒரு வால்வு அமைத்தனர். ஊருக்கு நன்மையே, ஆயின் எண்ணெயும் உடன் செல்லுகின்றது. பெட்ரோலை நேரே சிலிண்டரினுட் பீய்ச்சும் இக்கால எஞ்சின்களில், உட்செல் வால்வுகளைப் பெட்ரோல் கழுவாமையால், அவ்வெண்ணெய் அவற்றின்மேற் கரியாய்ப் படியும்.

இதனைக் குறைக்க இடையில் வைப்பதே பிடிகலம். மற்றை எஞ்சின்களுக்கு இஃது இன்றியமையாததென்று நாம் கூறோம். வாங்குங்கால் மேற்பூச்சைக் கண்டு மயங்கற்க. வெறுங்கலமாயின் திவலைகள் ஒரு வாயிற் புகுந்து மறுவாயால் வெளியேறும். தடுப்புத் தகடேனும் கம்பிவலையேனும் உள்ளிருத்தல் வேண்டும்.

வால்வுக்கும் காற்றுப் பகிர்குழாய்க்கும் இடையே, எண்ணெயால் இளகாத ரப்பர்க் குழாய்கொண்டு மடிப்பின்றி இணைக்க. புகைபோக்கியினருகே வைத்தல் தகாது. பானை மூடியில் ஆவி நீராவது, மூடி குளிர்ந்திருப்பதனாலன்றோ? எஞ்சின் அசைவதாகலின், கலத்தை வண்டியின் உடலில் இறுக்கிக் குழாயைச் சற்றுத் தளர்வாக விடுக.

அஞ்சத்தக்கது ஒன்றுண்டு. கலம் நிரம்பினால் எண்ணெய் ஒருசேர உறிஞ்சப்படும். பனிநாடுகளில் உள்ளிருக்கும் நீர் உறைந்து வழியை அடைக்கும். வாயு போக்கிடமின்றி அழுத்தம் மிக்கு, எண்ணெய் சீல்களைப் பிதுக்கிவிடும். ஆதலின் தொடக்கத்திற் சில நூறு மைலுக்கொருமுறை திறந்து பார்த்து, நிறையும் வேகம் அறிந்து, வடிக்கும் தவணையைக் குறித்துக்கொள்க. வடித்ததை மீண்டும் எஞ்சினில் ஊற்றலாகாது. அதில் நீரும் பெட்ரோலும் கலந்துள்ளன.