ஏவுரையும் சோதனையும் : கூட்டுப் பணிக் கருவிகள் – ஓர் அறிமுகம்

முன்னுரை

இஸ்லாமியத் தமிழிலக்கியத்துள் முழுமையாகக் கிடைத்துள்ள நூல்களில் காலத்தால் முந்தியது வண்ணப்பரிமளப் புலவரின் 'ஆயிர மசலா' என்பர். 1572இல் அரங்கேறிய இந்நூல் வினா விடையாக அமைந்தது. வினவுபவர் அப்துல்லா இப்னு சலாம். விடை பகர்பவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். வினவி உண்மை தெளியும் மரபு நமக்குப் புதிதன்று. இன்று மனிதன் இயந்திரத்தை வினவுகின்றான். அது தரும் விடையைச் சோதிக்க வேண்டிய பொறுப்பும் அவனைச் சார்ந்ததாகின்றது. அவ்வினாவைப் பலர் கூடி எழுதவும் சோதிக்கவும் துணைபுரியும் கருவிகளின் இயல்பினை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஏவுரை என்பது யாது?

2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வெளியானபின் செயற்கை நுண்ணறிவு பொதுமக்கள் கைக்கு எட்டியது. அதற்கு நாம் இடும் பணிப்புரையே 'பிராம்ட்' எனப்படுவது. அதனை ஈண்டு 'ஏவுரை' எனக் குறிப்போம். மொழி மாதிரியானது அடுத்து வரத்தக்க சொற்கூற்றை நிகழ்தகவினால் கணித்து விடையைத் தொடுக்கின்றது. ஆதலின் ஏவுரையில் ஒரு தொடர் மாறினும் விடை மாறக்கூடும். ஏவுரை மாறாதபோதும் விடை வேறுபடுதல் உண்டு. கணக்கினைப் படிப்படியாகத் தீர்த்துக் காட்டும் எடுத்துக்காட்டுகளை ஏவுரையில் சேர்த்தால் பெரிய மாதிரிகளின் விடைத்திறன் உயர்வதைக் கூகுள் ஆய்வாளர்கள் 2022இல் எடுத்துக்காட்டினர்.

காவலின்மையால் நேரும் கேடு

தமிழ்த்துறை ஒன்று, சீறாப்புராணம் பற்றிய மாணவர் ஐயங்களுக்கு விடை கூறும் கணினித் துணைவனை அமைப்பதாகக் கொள்வோம். விடைகள் நீள்கின்றன என்று கருதிய ஒருவர், 'சுருக்கமாக விடை தருக' என்னும் தொடரை ஏவுரையில் சேர்க்கின்றார். அப்போது, 'அறியாதவற்றை அறியேன் எனக் கூறுக' என்றிருந்த பழைய தொடர் தவறுதலாக நீங்கிவிடுகின்றது. எவரும் அதனைக் கவனிக்கவில்லை. சின்னாட்களில் மாணவர் ஒருவர், உமறுப்புலவர் பாடாத பாடலொன்றை அவர் பாடியதாகத் தம் ஆய்வேட்டில் காட்டுகின்றார். பிழை இயந்திரத்தினுடையதாயினும் பழி மாணவரையே சாரும். புலவர் பெயரும் மாசுறும்.

மாற்ற வரலாறு

இக்கேட்டினைத் தடுக்கும் முதல் வழி, மாற்றங்களைப் பதிவு செய்தலாகும். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் உருவாக்கிய 'கிட்' என்னும் மென்பொருள் இதற்கு ஏற்றது. ஏவுரையைக் கோப்பாக அதனுள் வைப்பின், மாற்றியவர் யார், மாற்றிய நாள் எது, மாறிய சொல் எது, காரணம் யாது என்பவை பதிவாகும். வேண்டின் பழைய வடிவத்திற்கே மீளலாம். பயன்படுத்திய மாதிரியின் பெயரையும் பதிப்பையும் உடன் குறித்தல் இன்றியமையாதது. மாதிரி மாறின் அதே ஏவுரை வேறு விடை தரக்கூடும்.

ஹதீஸ் கலையில் செய்தியை மட்டுமன்றி அதனை அறிவித்தோர் வரிசையாகிய இஸ்னாதையும் அறிஞர் ஆராய்ந்தனர். முறையளவில் மட்டும் நோக்கின், யாரிடமிருந்து வந்தது என்று கேட்கும் அவ்விழிப்பே இங்கும் வேண்டப்படுகின்றது.

சோதனைத் தொகுப்பு

இரண்டாம் வழி, விடை அறியப்பட்ட வினாக்களைத் தொகுத்து வைத்தல். சான்றாக மூன்று வகை வினாக்களைக் காண்போம்.

முதலாவது, விடை உறுதியான வினா: சீறாப்புராணத்தின் காண்டங்கள் எத்தனை? மூன்று. பாடல்கள் எத்தனை? 5027.

இரண்டாவது, பொறி வினா: நாயகம் (ஸல்) அவர்களின் மறைவை உமறுப்புலவர் எப்படலத்தில் பாடுகின்றார்? சீறாப்புராணம் அந்நிகழ்ச்சிவரை செல்லாமல் உறனிக் கூட்டத்தார் படலத்தோடு நிற்கின்றது. பின்வந்த வரலாற்றைப் பனீ அகுமது மரைக்காயர் 'சின்னச் சீறா'வில் பாடினார். 'அந்நூலில் இல்லை' என்று விடையிறுக்கும் ஏவுரையே தேறியதாகும்.

மூன்றாவது, விளக்க வினா: ஒரு படலத்தின் பொருளைச் சுருக்கி வரைக. இதற்கு ஒரே விடை இல்லை.

ஓப்பன்ஏஐ 2023 மார்ச்சில் வெளியிட்ட 'ஈவல்ஸ்', திறமூலக் கருவியாகிய 'பிராம்ட்ஃபூ' முதலியவை இத்தகைய சோதனைக்கு உதவுவன. பிராம்ட்ஃபூவில் ஏவுரைகள், மாதிரிகள், வினாக்கள் ஆகியவற்றை ஒரு கோப்பில் எழுதினால், விடைகளை அருகருகே அட்டவணையாகக் காணலாம். மாற்றம் ஒவ்வொன்றும் ஏற்கப்படுமுன் முழுத் தொகுப்பையும் ஓட்டிப் பார்த்தல் நன்று. ஒவ்வொரு வினாவையும் பன்முறை கேட்டல் வேண்டும். ஒரு முறை சரியானது மறுமுறை தவறக்கூடும். சில வினாக்களை ஏவுரை எழுதுவோர்க்குக் காட்டாது வைத்தலும் தேவை. வினாத்தாளை முன்னரே கண்டவன் பெறும் மதிப்பெண் அறிவின் அளவாகாதன்றோ?

மதிப்பிடுவோர் யார்?

எண் விடையைக் கணினியே ஒப்பிட்டுவிடும். விளக்க விடையை மற்றொரு மொழி மாதிரியைக் கொண்டு மதிப்பிடும் வழக்கமும் உண்டு. ஆயினும் அந்நடுவர் முதலில் வைத்த விடைக்கும் நீண்ட விடைக்கும் சாய்தல் கூடும் என்பது 2023இல் வெளிவந்த ஆய்வுகளால் தெரிகின்றது. எனவே விடைகளின் வரிசையை மாற்றிக் கேட்பதுடன், அறிந்த மனிதர் ஒருவர் சில விடைகளையேனும் படித்துப் பார்த்தல் வேண்டும்.

இங்குதான் ஆசிரியரும் ஊர்ப் பெரியோரும் இன்றியமையாதவராகின்றனர். அரபுத் தமிழ் ஏடு படிக்கத் தெரிந்த முதியவர் கணினியைத் தொட்டறியாதவராயினும், இயந்திரம் எங்கே இடறும் என்பதை அறிவார். அவர் கூறும் ஒரு பொறி வினா, கணினி வல்லார் பலர் எழுதும் வினாக்களினும் பயன்படலாம்.

முடிவுரை

சோதனையில் தேறுதல், சோதித்த அளவிற்கே சான்றாகும். பாகப்பிரிவினை போன்ற மார்க்கச் சட்ட வினாக்களில், நூறு வினாக்களுக்குச் சரியாக விடையளித்த கருவியும் ஒரு குடும்பத்தின் பங்கினைத் தவறாகக் கூறிவிடக்கூடும். அங்கே முடிவு கூற வேண்டியவர் ஆலிம்களே. கருவிகள் மாறும்; சில மறையும். ஆனால் நாம் கூடித் தொகுக்கும் நல்ல வினாக்கள் எக்கருவிக்கும் உரைகல்லாக நிற்கும். ஆதலின் மாணவர்கள் கருவியைக் கற்பதனோடு, மூலநூலைக் கற்று வினா எழுதவும் பழகுவாராயின், அவ்வுழைப்பு தமிழுக்கும் சமுதாயத்திற்கும் பயன்தரும் எனத் துணியலாம்.