மழை யாருக்கும் சொந்தமில்லை

நம்பிக்கைகளும் உண்மைகளும்: போக்கிமான் வானிலை அணி

போன மாதம் அக்கா மகன் கையில் ஸ்விட்சோடு முகம் வாடி வந்து நின்றான். "மாமா, ஆறும் தண்ணி டைப். மழையும் பெய்யுது. அப்புறம் எப்படி மாமா தோத்தேன்?" நடந்ததை டர்ன் டர்னாகச் சொல்லச் சொன்னேன். எதிராளி ஒரு ஸாப்டோஸை இறக்கியிருக்கிறார். அதன் தண்டர் தாக்குதல் சாதாரணமாகப் பத்துக்கு மூன்று தடவை குறி தவறும். மழையில் தவறவே தவறாது. இவனுடைய பெலிப்பரோ நீரும் பறப்பும் கலந்த வகை, மின்சாரம் பட்டால் நாலு மடங்கு அடி விழும். முதல் டர்னிலேயே சுருண்டுவிட்டது. இவன் வரவழைத்த மழையே எதிராளியின் இடிக்குக் குறி பார்த்துக் கொடுத்திருக்கிறது.

இது அவன் ஒருவனின் தவறில்லை. வானிலை அணி கட்டத் தொடங்கும் எல்லோரும் கைமாறி வந்த சில நம்பிக்கைகளோடுதான் தொடங்குகிறார்கள். போட்டி ஆட்டத்தைக் கற்றுக்கொள்ள வானிலை அணியைப் போல நல்ல பள்ளிக்கூடம் கிடையாது என்று நினைப்பவன் நான். அதனால் ஒவ்வொன்றாகச் சரிசெய்துவிடலாம்.

முதலில் விதிகள். விஜிசி எனப்படும் அதிகாரபூர்வப் போட்டி இருவர்-இருவர் ஆட்டம். ஆறு போக்கிமான் கொண்டுபோக வேண்டும். எதிராளியின் ஆறையும் பார்த்த பிறகு நான்கைத் தேர்ந்தெடுத்து, இரண்டு இரண்டாக இறக்க வேண்டும். எல்லாமே 50ஆம் லெவலில் மோதும். வானிலை நான்கு: மழை, வெயில், மணற்புயல், பனி.

நம்பிக்கை 1: மழை அணி என்றால் ஆறும் நீர் வகையாக இருக்க வேண்டும்.

மழையில் நீர்த் தாக்குதலின் பலம் ஒன்றரை மடங்காகும், நெருப்பு பாதியாகும். இதைக் கேட்டதும் நீர் வகையாகத் தேடித் தேடிச் சேர்க்கத் தோன்றும். ஆனால் ஆறும் நீர் என்றால் ஆறுக்கும் பயம் ஒன்றே: புல்லும் மின்சாரமும். அந்த இரண்டில் ஒன்று கையில் இருந்தால் போதும், எதிராளிக்கு வேறெதுவும் வேண்டாம்.

2016இல் சான் பிரான்சிஸ்கோவில் உலகக் கோப்பையை வென்ற வுல்ஃப் க்ளிக்கின் அணியைப் பாருங்கள். மழையை அழைக்கும் கயோகர், ரேக்வாஸா, ஹிட்மான்டாப், ரைச்சு, பிரான்ஸாங், கெங்கார். இதில் நீர் வகை கயோகர் ஒன்றுதான். மற்ற ஐந்தும் வேறு வேறு வகை. அதிலும் ரேக்வாஸாவின் ஏர் லாக் திறன், அது களத்தில் நிற்கும்வரை எந்த வானிலையையும் பலிக்கவிடாது. மழைக்காரர் பக்கத்திலேயே மழையை நிறுத்தும் கையும் இருந்தது.

வானிலையை அழைக்க ஒன்று, அதை முழுதாகப் பயன்படுத்த ஒன்று அல்லது இரண்டு. மீதி இடங்கள் அந்த இரண்டு மூன்றைக் காப்பாற்றுவதற்கு. கணக்கு அவ்வளவுதான்.

நம்பிக்கை 2: இரண்டு பக்கமும் வானிலை அழைப்பவர் வந்தால் வேகமானதே ஜெயிக்கும்.

நேர்மாறு. இரண்டும் ஒரே நேரத்தில் களமிறங்கினால் வேகமானதன் திறன் முதலில் வேலை செய்யும், மெதுவானதன் திறன் அடுத்து வேலை செய்யும். பின்னால் வந்த வானிலை முன்னதை அழித்துவிடும். கடைசியில் நிற்பது மெதுவானவரின் வானிலை.

எண்களில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். வேகத்துக்குத் தனிப் பயிற்சி எதுவும் கொடுக்காவிட்டால், 50ஆம் லெவலில் பனியை அழைக்கும் அலோலா நைன்டேல்ஸின் வேகம் 129. மழைக்கார பெலிப்பர் 85, மணல்கார டைரனிட்டார் 81. வெயில் அழைக்கும் ஆமை டோர்கோல் வெறும் 40. நான்கும் நேருக்கு நேர் நின்றால் மிஞ்சுவது டோர்கோலின் வெயில். ஊர்ந்து வரும் ஆமையை அத்தனை பேர் ஆசையாகச் சேர்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மழைக்கார கயோகரும் வெயில்கார க்ரௌடனும் மோதும்போது இது உச்சத்துக்குப் போகும். இரண்டுக்கும் அடிப்படை வேகம் ஒன்றே, 90. அதனால் தன் மழையோ வெயிலோ கடைசியில் நிற்பதற்காக வேகத்தைக் குறைக்கும் நேச்சர் என்னும் குணத்தைத் தேடி வளர்ப்பவர்கள் உண்டு. வேகம் கூட்டத்தான் எல்லோருக்கும் தெரியும். எப்போது குறைக்க வேண்டும் என்று தெரிவதுதான் வித்தை.

இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கணக்கு ஒரே நேரத்தில் இறங்கும்போதுதான். ஆட்டம் நடுவில் யார் கடைசியாக மாற்றி இறக்குகிறாரோ அவர் வானிலையே நிற்கும். எனவே தொடக்கத்தில் தோற்றாலும், அழைப்பவரை உயிரோடு பின்னால் வைத்திருப்பவருக்கு இன்னொரு வாய்ப்பு இருக்கிறது.

நம்பிக்கை 3: ஒருமுறை மழை வந்தால் ஆட்டம் முடியும்வரை பெய்யும்.

ஒரு காலத்தில் இது உண்மை. திறனால் வந்த வானிலை, வேறொன்று வந்து மாற்றும்வரை நிற்கும். 2010இல் பிளாக், வொயிட் ஆட்டங்களில் பொலிடோடுக்கும் மழை அழைக்கும் திறன் கிடைத்தபோது மழை அணிகள் அடக்க முடியாத அளவுக்குப் போயின. ரசிகர்கள் நடத்தும் ஸ்மோகன் அமைப்பு 2011இல், மழை அழைக்கும் திறனையும் மழையில் வேகம் கூட்டும் ஸ்விஃப்ட் ஸ்விம் திறனையும் ஒரே அணியில் வைக்கக்கூடாது என்று தன் முதன்மை ஆட்டப்பிரிவில் தடை போட்டது. மழை அணி என்றாலே அநியாயம் என்ற பேச்சு அந்தக் காலத்தின் மிச்சம்.

2013இல் எக்ஸ், வை ஆட்டங்கள் வந்ததிலிருந்து திறனால் வரும் வானிலைக்கு ஆயுள் ஐந்து டர்ன். அதற்குரிய கல்லைக் கையில் கொடுத்தால் எட்டு. மழைக்கு டாம்ப் ராக், வெயிலுக்கு ஹீட் ராக் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கல் உண்டு.

எண்ணும் விதத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். தொடக்கத்திலேயே பெலிப்பர் இறங்கினால் 1 முதல் 5ஆம் டர்ன் முடிய மழை. மூன்றாவது டர்னில் மாற்றி இறக்கினால் அந்த டர்னும் கணக்கில் சேரும், 7ஆம் டர்ன் முடிவில் மழை நிற்கும். யாராவது விழுந்த இடத்தில் டர்ன் முடிவில் இறக்கினால், அடுத்த டர்ன்தான் முதல் டர்ன். முழு ஐந்தும் கையில் இருக்கும்.

இதைவிட முக்கியமான ஒன்று: மழை பெய்துகொண்டிருக்கும்போது பெலிப்பரை மறுபடி இறக்கினால் கணக்கு புதுப்பிக்கப்படாது. ஐந்தாவது டர்னில் அவசரப்பட்டு இறக்கினால், வந்து நிற்கும். அந்த டர்ன் முடிவிலேயே மழையும் நின்றுவிடும். மழை ஓயட்டும் என்று பொறுத்து ஆறாவது டர்னில் இறக்கினால் இன்னொரு ஐந்து. ஒரே ஒரு டர்ன் காத்திருப்பதற்கு அவ்வளவு விலை.

நம்பிக்கை 4: மழையில் நீர் போக்கிமான் எல்லாம் வேகமாகும்.

வேகம் வகையால் வருவதில்லை, திறனால் வருவது. மழைக்கு ஸ்விஃப்ட் ஸ்விம், வெயிலுக்கு க்ளோரோஃபில், மணலுக்கு ஸாண்ட் ரஷ், பனிக்கு ஸ்லஷ் ரஷ். இந்தத் திறன் இருப்பவைக்கு மட்டும் வேகம் இரண்டு மடங்கு.

பாஸ்குலீஜியனை எடுத்துக்கொள்வோம். பயிற்சி இல்லாமல் அதன் வேகம் 98. ஸ்விஃப்ட் ஸ்விம் கொடுத்து மழையில் விட்டால் 196. முழு வேகப் பயிற்சி கொடுத்தால் 130, மழையில் 260. ஃப்ளட்டர் மேன் எத்தனையோ அணிகளுக்குச் சிம்ம சொப்பனம். அதை வேகத்துக்கென்றே வளர்த்தாலும் 205தான். அதே பாஸ்குலீஜியனுக்கு வேறொரு திறனைத் தேர்ந்தெடுத்திருந்தால் எவ்வளவு மழை பெய்தாலும் 130தான். பெயரைப் பார்த்துச் சேர்க்காதீர்கள். திறனைப் பார்த்துச் சேருங்கள்.

எதிராளி டைரனிட்டாரை இறக்கிய நொடியே அந்த 260 மறுபடி 130 ஆகிவிடும். இப்போதைய ஆட்டங்களில் டர்ன் நடுவிலேயே வரிசை மாறும். முந்திவிடுவோம் என்று நினைத்த தாக்குதல் பிந்திப் போகும். வேகத்தை வானிலையிடம் கடன் வாங்குபவர் இதற்கும் தயாராக இருக்க வேண்டும்.

நம்பிக்கை 5: மணலும் பனியும் கொஞ்சம் கொஞ்சமாக உயிரைக் குறைக்கத்தான்.

மணல் குறைக்கும், உண்மைதான். பாறை, நிலம், எஃகு தவிர மற்றவற்றுக்கு ஒவ்வொரு டர்னும் பதினாறில் ஒரு பங்கு போகும். ஆனால் அதைவிடப் பெரிய பலன், பாறை வகைகளின் சிறப்புத் தற்காப்பு ஒன்றரை மடங்காவது. டைரனிட்டார் மலைபோல் நிற்பது அதனால்தான். பக்கத்தில் ஸாண்ட் ரஷ் எக்ஸ்காட்ரில் இரட்டை வேகத்தில் பாயும். இந்த ஜோடி வருடக்கணக்காகக் கைகொடுத்து வருகிறது.

பனியோ இப்போது யாரையும் காயப்படுத்துவதே இல்லை. 2002இல் வந்த ஆலங்கட்டி மழை 2022இல் ஸ்கார்லெட், வயலெட் ஆட்டங்களில் பனிப்பொழிவாக மாறியது. காயம் போய், அதற்குப் பதில் பனி வகைகளின் தற்காப்பு ஒன்றரை மடங்கானது. கூடவே அரோரா வேல்: பனி இருக்கும்போது மட்டுமே போடக்கூடிய திரை. இருவர்-இருவர் ஆட்டத்தில் எதிராளியின் அடியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைக் குறைக்கும். போட்டபின் பனி நின்றாலும் திரை நிற்கும். பனி அணிக்காரருக்கு ஒரே ஒரு டர்ன் பனி கிடைத்தாலும் போதும் என்பது இதனால்தான்.

நம்பிக்கை 6: வானிலை போனால் ஆட்டம் போச்சு.

அப்படிக் கட்டியிருந்தால் போச்சுதான். நல்ல வானிலை அணி, வானிலை இல்லாத டர்னிலும் வேலை செய்யும். பெலிப்பர், ஆர்கலூடான் ஜோடி இதற்கு அழகான எடுத்துக்காட்டு. ஆர்கலூடானின் எலக்ட்ரோ ஷாட் சாதாரணமாக ஒரு டர்ன் சக்தி சேர்த்து, சிறப்புத் தாக்குதலை ஒரு படி ஏற்றிக்கொண்டு, அடுத்த டர்னில் அடிக்கும். மழை இருந்தால் ஏற்றமும் அடியும் ஒரே டர்னில். மழை இல்லையென்றாலும் எஃகு, டிராகன் கலந்த உடம்பு. அடி வாங்க வாங்கத் தற்காப்பைக் கூட்டும் ஸ்டாமினா திறன். பெலிப்பரைச் சாய்க்கும் மின்சாரம் அதன்மேல் பாதிதான் உறைக்கும்.

வானிலை இரண்டு பக்கத்துக்கும் பொது என்பதையும் மறக்கக்கூடாது. வெயிலில் நீர்த் தாக்குதல் பாதியாகும் என்று நம்பி நின்றால், வாக்கிங் வேக்கின் ஹைட்ரோ ஸ்டீம் என்ற நீர்த் தாக்குதல் அதே வெயிலில் ஒன்றரை மடங்காக வந்து விழும். எதிராளி அழைத்த வானிலையில் என் அணியில் யாருக்கு லாபம் என்பதும் கட்டும்போதே கேட்க வேண்டிய கேள்வி.

அக்கா மகனோடு உட்கார்ந்து அணியைப் பிரித்துக் கட்டினோம். பெலிப்பருக்கு ஒரே அடியில் விழாமல் காக்கும் ஃபோகஸ் ஸாஷ், பக்கத்தில் ஆர்கலூடான், ஓட ஒரு பாஸ்குலீஜியன். நீரையும் மின்சாரத்தையும் தாங்க ரில்லாபூம். ஆறாவது இடம் வரை ஒவ்வொன்றுக்கும் "மழை இல்லேன்னா இது என்ன செய்யும்?" என்று கேட்டுத்தான் சேர்த்தோம்.

நேற்று அவன் ஆடுவதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஐந்தாவது டர்ன். பெலிப்பர் பின்னால் காத்திருக்கிறது. விரல் மாற்றும் பட்டன் வரை போய் நின்றது.

"இப்ப வேணாம் மாமா," என்றான். "மழை நிக்கட்டும்."